பால் கட்டி, மார்பு சிவந்து, காய்ச்சல் வந்தால்: மார்பக அழற்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மூத்த மகள் பிறந்த பதினேழாம் நாள் இரவு, சித்திரை வெக்கையிலும் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். இடது மார்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. தொட்டால் அனல். "பால் கட்டிக்கிச்சும்மா, அமுக்கி எடுத்தா சரியாயிடும்" என்று அத்தை வெந்நீரும் துண்டுமாக வந்து உட்கார்ந்தார். எனக்காகத் தூக்கம் கெட்டு, அரை மணி நேரம் தேய்த்து அமுக்கினார். மறுநாள் காலையில் சிவப்பு காம்பு வரை பரவியிருந்தது.

அத்தை மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் செய்தார். ஆனால் இன்றும் பிள்ளை பெற்ற வீடுகளில் அதேதான் நடக்கிறது என்று கேட்கும்போது மனம் பதறுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்துப் பெயர்களும் அளவுகளும் உங்கள் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காகத்தான், மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடுவதற்கு அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது

"பால் கட்டிக்கொண்டது" என்றதும் குழாயில் அடைப்பு என்று நினைக்கிறோம். அடைப்பு என்றால் அமுக்கித் தள்ளத்தானே தோன்றும்? பால் நாளங்கள் மிக மெல்லியவை, வேர்களைப் போலப் பின்னிக் கிடப்பவை. அவற்றைச் சுற்றியுள்ள சதை நீர் கோத்து வீங்கி, நாளத்தை வெளியிலிருந்து நெரிக்கிறது. பெரும்பாலும் அதனால்தான் பால் வராமல் நிற்கிறது. இந்த நிலையில் அமுக்கினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடிபட்டு வீக்கம் இன்னும் ஏறும். வீங்கிய கணுக்காலை யாரும் பிசைய மாட்டோம். மார்புக்கும் அதே நியாயம்தான்.

மருத்துவ உலகமே இதில் நிலையை மாற்றிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2000இல் வெளியிட்ட ஆவணம், பாலை நன்றாக வெளியேற்றுவதைத்தான் சிகிச்சையின் மையமாக வைத்தது. மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் வெளியிட்ட 36ஆம் எண் வழிகாட்டுதல் வேறு மாதிரி சொல்கிறது: ஆழமாக மசாஜ் செய்ய வேண்டாம், மார்பைக் காலி செய்ய வேண்டும் என்று பம்ப் போட்டு உறிஞ்ச வேண்டாம், வீக்கத்தைக் குறையுங்கள். இந்த மாற்றம் நம் ஊரில் எல்லா இடத்துக்கும் இன்னும் வந்து சேரவில்லை. "சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்து நல்லா எடுத்து விடுங்க" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னால், ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று குழம்பாமல் இருக்கத்தான் இந்த விவரம்.

படி 1: எந்த நிலை என்று பாருங்கள்

பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் இரண்டு மார்பும் கல்லாக இறுகினால் அது பால் நிறைந்த இறுக்கம். அநேகமாக எல்லோருக்கும் வரும், ஓரிரு நாளில் தளரும். ஒரு பக்கம் மட்டும், ஓர் இடத்தில் கட்டியாக வலிக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் அழற்சியின் தொடக்கம். சிவப்பும் சூடும் ஆப்பு வடிவில் பரவி, உடம்பு முறித்துப்போட்டது போல வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் முழு அழற்சி. இந்த நிலையில்கூடக் கிருமி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வீக்கம் மட்டுமே காய்ச்சலைக் கொண்டுவரும்.

ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரத்தைத் தோலிலேயே வரைந்து, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுங்கள். எனக்கு ஒரு நர்ஸ் செய்துகாட்டியது இது. பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருக்கிறதா, தாண்டிப் போயிருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். காய்ச்சலில் கிடப்பவருக்கு "நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்ல போல" என்ற நினைப்பு ஏமாற்றும். கோடு ஏமாற்றாது.

சிலவற்றுக்கு வீட்டு வைத்தியமே பார்க்கக் கூடாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, நினைவு தடுமாறுவது, சிறுநீர் குறைந்துபோவது, தோல் கறுத்துக் கொப்பளிப்பது ஆகியவை கிருமி ரத்தத்தில் பரவுவதன் அடையாளமாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: முதல் 24 மணி நேரம்

குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். "காய்ச்சல் பாலைக் குடிச்சா குழந்தைக்கும் காய்ச்சல் வரும்" என்பது தவறு. அழற்சி உள்ள மார்பின் பால் குழந்தைக்கு ஆபத்தில்லை. உப்புச்சுவை கொஞ்சம் கூடியிருப்பதால் சில குழந்தைகள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். திடீரென்று நிறுத்தினால் பால் தேங்கி, சீழ் பிடிக்க வழியாகும். ஒரே விலக்கு, எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய். அவர் பாதித்த பக்கம் கொடுக்காமல் உடனே தனக்கு எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் பேச வேண்டும்.

அதற்காக, வலிக்கும் பக்கத்தையே மணிக்கு ஒரு தரம் கொடுத்துக் காலி பண்ணவும் கூடாது. எடுக்க எடுக்கச் சுரக்கும். கூடுதலாகச் சுரக்கும் பால் அந்த வீங்கிய இடத்தையே மறுபடி நெரிக்கும். குழந்தை கேட்கும்போது வழக்கம்போல இரண்டு பக்கமும் கொடுங்கள். காம்பு வெடித்து வாய் வைக்கவே முடியவில்லை என்றால், குழந்தை குடிக்கும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சியோ பம்பிலோ எடுத்துப் பாலாடையில் புகட்டலாம்.

அடுத்தது குளிர் ஒத்தடம். இங்கேதான் வீட்டில் சண்டை வரும். பச்சை உடம்புக்காரி மேல் ஐஸ் வைப்பதா, ஜன்னி கண்டுவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். மார்பின் மேல் வைக்கும் குளிர் பாலைக் குளிரவைக்காது, குழந்தைக்குச் சளியும் பிடிக்காது. ஐஸ் கட்டிகளை ஒரு பையில் போட்டு, மெல்லிய பருத்தித் துண்டில் சுற்றி, 10 முதல் 20 நிமிடம் வையுங்கள். தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். வெறும் ஐஸைத் தோலில் வைத்தால் புண்ணாகும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூட்டுத் துணி போடுவது சிலருக்கு இதமாக இருக்கும். இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். இரண்டுக்கும் வீட்டில் ஒத்துவரவில்லை என்றால், ஈரத்துணி போட்டுக்கொண்டு மின்விசிறிக்கடியில் படுப்பதுகூட நல்லதுதான்.

வலிக்கும் வீக்கத்துக்கும் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது ஐபுப்ரோஃபென் 400 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு. கூடவே பாராசிட்டமால் 650 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றவை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் ஒத்துவராமல் போகலாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் கடைகளில் இந்த இரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்தும் விற்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு தனியாகப் பாராசிட்டமாலும் போட்டால் அளவு மிஞ்சிவிடும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆஸ்பிரினை இதற்காகப் போட வேண்டாம்.

தடவிக் கொடுக்க வேண்டும் என்று கை துடிக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடும் அழுத்தத்தில், மார்பிலிருந்து அக்குளை நோக்கியும் காறை எலும்பை நோக்கியும் மேலாக வருடுங்கள். தோல் மட்டும் லேசாக நகர வேண்டும். கோத்திருக்கும் நீர் வடிய இது உதவும். எண்ணெய் போட்டு, கட்டியைக் கரைப்பதாக நினைத்து விரலால் உருட்டுவது, சீப்பால் வாருவது எல்லாம் கெடுதல். காம்பில் வெள்ளைப் புள்ளி போலக் கொப்புளம் தெரிந்தால் ஊசியால் குத்தாதீர்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை இந்த நாட்களில் கட்டாயம் தள்ளிவையுங்கள். காய்ச்சல் உடம்புக்குத் தாகத்துக்கேற்பத் தண்ணீர், கஞ்சி, ரசம் எல்லாம் வேண்டும். அதேபோல, பால் ஊறட்டும் என்று கொடுக்கும் சுறாப்புட்டு, வெந்தயக் களி, கடையில் விற்கும் பால் சுரப்புப் பொடிகளை வீக்கம் வற்றும்வரை நிறுத்தலாம். ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் மார்புக்கு இப்போது கூடுதல் பால் வேண்டியதில்லை.

அப்புறம் மல்லிகைப்பூ. வீக்கம் வடியும் என்று மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவார்கள். அது உண்மையில் பாலை வற்றவைக்கும் முறை. வேலூர் மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டு, பூவுக்கும் அந்தக் குணம் உண்டு என்று கண்டது. எனவே தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர் மல்லிகை கட்டக் கூடாது. பாட்டிமார் கைவைத்தியம் எல்லாம் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்காமல், எது எதற்கு என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படி 3: ஆன்டிபயாடிக் எப்போது

இவ்வளவும் செய்து 24 மணி நேரத்தில் காய்ச்சலும் சிவப்பும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காம்பு வெடித்துச் சீழ் தெரிந்தாலோ, காய்ச்சல் 101க்கு மேல் ஏறி நடுக்கினாலோ அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவார்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதனால் அதைக் கொல்லும் மருந்தையே முதலில் எழுதுவார்கள்: க்ளாக்சசிலின் வகை, அல்லது செஃபலெக்சின் 500 மி.கி., ஒரு நாளைக்கு நான்கு வேளை. நம் ஊரில் அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையையும் நிறைய எழுதுகிறார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் இருக்கிறது. 10 முதல் 14 நாள் வரை சாப்பிட வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே வலி விட்டுவிடும், மாத்திரை தட்டின் மேலேயே கிடந்துவிடும். அப்படி விட்டவர்களுக்கு மறுபடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடியுங்கள்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: பால் கொடுக்கிறேன், குழந்தைக்கு இத்தனை நாள், குறைமாதமா இல்லையா, மஞ்சள் காமாலை இருந்ததா. ஏனென்றால் கோ-ட்ரைமாக்சசோல் போன்ற சில மருந்துகள் பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்கும் காமாலை உள்ள குழந்தைக்கும் ஆகாது. மற்றபடி மேலே சொன்னவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். குழந்தைக்கு மலம் கொஞ்சம் இளகலாம்.

48 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால், மாத்திரையை மாற்றி மாற்றி எழுதி வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பாலிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பலாமா, மார்பை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கலாமா. சாதாரண மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகைக் கிருமி, குறிப்பாக ஆஸ்பத்திரியில் தொற்றியதாக இருந்தால், கல்ச்சரில்தான் பிடிபடும்.

படி 4: சீழ் கட்டிவிட்டால்

அழற்சி வந்த பெண்களில் நூற்றுக்கு 3 முதல் 11 பேர் வரை சீழ்க்கட்டியாகிறது. காய்ச்சல் இறங்கியும் ஓரிடத்தில் மட்டும் உருண்டையாக, வலியோடு, அழுத்தினால் தளும்புவது போல இருக்கும். தொட்டுப் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஸ்கேன் வேண்டும். மாத்திரையால் மட்டும் இது கரையாது.

கத்தி வைக்க வேண்டும் என்றதும் பயந்து வீட்டில் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. இப்போது முதலில் செய்வது அறுவையே அல்ல. அந்த இடத்தை மரத்துப்போகவைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டிவரலாம். கட்டி ரொம்பப் பெரிதாக இருந்தாலோ, மேல்தோல் மெலிந்து உடையப் போவது போல இருந்தாலோ சிறிதாகக் கீறி வடிய விடுவார்கள். அதன் பிறகும் பால் கொடுக்கலாம், கொடுப்பதும் நல்லது. குழந்தையின் வாய் காயத்தின் மேல் படாமல் இருந்தால் போதும். கீறிய இடத்திலிருந்து சில நாள் பாலும் கசியும். பயப்பட வேண்டாம், அது தானாக மூடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்காமல் புண் ஆறாது.

படி 5: பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பு வீங்கினால்

இது வேறு கதை. இதைப் பற்றித் தமிழில் குறைவாகவே பேசுகிறோம்.

காம்பைச் சுற்றி வலியும் சிவப்பும் வந்து, அடிக்கடி சீழ் வைத்து, ஒரு ஓட்டை வழியே வடிந்துகொண்டிருந்தால், அது காம்புக்கு அடியிலுள்ள நாளங்களின் அழற்சி. புகைபிடிப்போருக்கு அதிகம் வரும். இதில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்வதால் மருந்து மாறும், மெட்ரோனிடசோலையும் சேர்ப்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்தால் அந்த நாளத்தை அகற்றும் அறுவை தேவைப்படும்.

இன்னொன்று கிரானுலோமா அழற்சி, அதாவது உடலின் தற்காப்பு அணுக்கள் சிறு முடிச்சுகளாகத் திரளும் வகை. பெரும்பாலும் முப்பதுகளில், கடைசிப் பிரசவம் முடிந்து சில ஆண்டுகளுக்குள் வருகிறது. கல் போன்ற கட்டி, வற்றாத புண், ஸ்கேனில் புற்றுநோய் போன்ற தோற்றம் என்று ஆளையே கலங்கடிக்கும். துளி சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் விடை சொல்லும். இது புற்றுநோய் இல்லை, பலருக்குப் பல மாதங்களில் தானாகவே அடங்குகிறது. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, சிலருக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மெதோட்ரெக்சேட். அவசரப்பட்டுக் கட்டியை வெட்டினால் காயம் ஆறாமல் இழுத்தடிக்கவும், மறுபடி வரவும் வாய்ப்புண்டு.

ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் உறுதிசெய்ய வேண்டும்: காசநோய் இல்லை என்பதை. காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதல்ல, மார்பகத்துக்கும் வரும். நம் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது. பயாப்சியில் அதுவும் கிரானுலோமாவாகத்தான் தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் உள்ளே கிளர்ந்துவிடும். எடுத்த சதையைக் காசநோய்க்கான மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பினீர்களா என்று கேட்பது உங்கள் உரிமை. காசநோய்தான் என்று உறுதியானால் வழக்கமாக 6 மாத மருந்து, முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. அரசு இலவசமாகத் தருகிறது, சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

படி 6: சிவப்பு போகவே இல்லையென்றால்

இதை எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் காய்ச்சலில் கிடக்கும் புதுத் தாய் இதைப் படித்துப் பயப்படக் கூடாது. ஆனால் எழுதாமல் விடுவது துரோகம். அழற்சியைப் போலவே தோற்றம் காட்டும் மார்பகப் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. அரிதானது, மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 5 வரைதான். பெரும்பாலும் கட்டி எதுவும் கையில் தட்டாது. சில வாரங்களில் மார்பு வீங்கி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிவந்து, தோல் ஆரஞ்சுப் பழத் தோல் போலக் குழி குழியாகத் தடித்து, காம்பு உள்ளிழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. அதனால் தள்ளிப்போடவும் தோன்றும்.

ஒரு சுற்று ஆன்டிபயாடிக் முடிந்தும் சிவப்பு இறங்கவில்லை என்றால், அடுத்து ஸ்கேனும், மார்பக எக்ஸ்-ரேயான மம்மோகிராமும், தேவைப்பட்டால் தோலிலும் உள் சதையிலும் பயாப்சியும் என்று இருக்க வேண்டும். பால் கொடுப்பதால் இவற்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. உறுதியானால் முதலில் கீமோதெரபி, பிறகு அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்பதே வரிசை. சென்னையில் அடையாறு புற்றுநோய் மையம் 1954 முதல் இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இடமுண்டு. பணத்தை நினைத்து ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

மறுபடி வராமல் இருக்க

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் காம்பு வெடிக்கும், வெடிப்பு வழியே கிருமி நுழையும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே போய், தாடை மார்பில் பதிய, கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். வலிக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்காமல், சுண்டு விரலை வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள். காம்பை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவினால் காய்ந்து வெடிக்கும், தண்ணீர் போதும். இறுக்கமான உள்ளாடையும், ஒரே பக்கம் ஒருக்களித்து அமுங்கிப் படுப்பதும் வேண்டாம்.

வேலைக்குத் திரும்பும் மாதத்தில் இது நிறையப் பேருக்கு வருகிறது. எட்டு மணி நேரம் பால் தேங்கி நிற்கும், கேட்கக் கூச்சம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். பயணத்தில், பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லுங்கள். பால் மறக்கடிக்கும்போதும் ஒரே நாளில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்தாமல், சில நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கூடவே ஒன்று, பிறந்த குழந்தைக்காக. ஆணோ பெண்ணோ, சில பச்சிளங்குழந்தைகளின் மார்பு முதல் வாரங்களில் லேசாக வீங்கியிருக்கும், ஒரு துளி பால்கூடக் கசியலாம். தாயின் ஹார்மோன் குழந்தை உடலில் மிச்சமிருப்பதால் வருவது, தானாகவே போய்விடும். குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் பழக்கத்தால் குழந்தைக்குச் சீழ் பிடித்திருக்கிறது. குளிப்பாட்ட வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அழற்சி குணமான பிறகு ஒரு தடிப்பு சில நாள் கையில் தட்டும், மெல்லக் கரையும். கரையாமல் நின்றாலோ, அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்தாலோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எனக்கு இரண்டாவது மகனுக்கு ஐந்து மாதமானபோது அதே இடது பக்கம் மறுபடி வந்தது. இந்த முறை அத்தைதான் ஃப்ரீஸரைத் திறந்து, ஐஸைத் தன் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பேனாவையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.